கொம்பறைக் கல்லும் கோயில் மாதிரி ஒரு களஞ்சியமும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில கனகராயன்குளம் பக்கத்து வளவு ஒண்டில பாதி சரிஞ்சு நிக்கிற ஒரு கொம்பறையின்ர படம் போட்டிருந்தம். நெல் சேமிக்கிற அந்த மண்கூட்டைப் பாத்திட்டு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் மெசேஜுகளும் இவ்வளவு வருமெண்டு நான் நினைக்கேல்லை. அதால இந்த முறை பழைய கமக்கட்டடங்களைப் பற்றின கேள்வியளுக்கு மட்டும்தான் பதில். மற்றக் கேள்வி அனுப்பினாக்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: ஐயா, போன வருசம் மகளிட்ட லண்டனுக்குப் போனனான். மருமகன் ஒரு நாள் காரில நாட்டுப்புறம் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய பழைய கட்டடம் காட்டினார். உள்ளுக்குப் பாத்தா ரெண்டு வரிசையா பெரிய மரத்தூண், மேல கூரை இருட்டுக்க போகுது, நான் தேவாலயமாக்கும் எண்டு செருப்பைக் கழட்டப் பாத்தன். பேந்துதான் சொன்னார் அது முந்தின காலத்துப் பண்ணையின்ர தானியக் களஞ்சியமாம், பார்ன் எண்டு சொல்லுறவையாம். ஜன்னல் ஒண்டும் இல்லை, ஆனா நடுவில ரெண்டு பக்கமும் வண்டில் போற அளவு கதவு. தானியம் வைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டடம்? — வாசகி, முள்ளியவளை

பதில்: அம்மா, நீங்க செருப்பைக் கழட்டப் பாத்ததில ஒரு பிழையும் இல்லை. இங்கிலாந்தில கிறேற் கொக்ஸ்வெல் எண்ட ஊரில இப்பிடி ஒரு களஞ்சியம் நிக்குது, ஏறக்குறைய 1292 இல கட்டினது, 152 அடி நீளம், 48 அடி உயரம், ஒரு துறவிகள் மடத்தின்ர பண்ணையில இருந்தது. பக்கத்து ஊரில இருந்த வில்லியம் மொறிஸ் எண்ட கவிஞர் தன்ர வீட்டுக்கு வாற விருந்தாளியளைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டுவாராம், பெரிய தேவாலயத்துக்குக் குடுக்கிற மரியாதையை அதுக்குக் குடுத்தவர். எசெக்ஸ் பக்கம் கிறெஸ்ஸிங் ரெம்பிள் எண்ட இடத்தில பார்லிக்கு ஒண்டும் கோதுமைக்கு ஒண்டுமா ரெண்டு நிக்குது, ரெண்டும் 13ஆம் நூற்றாண்டு. எண்ணூறு வருசம் கிட்ட ஒரு மரக்கட்டடம் நிக்குது எண்டா அதைக் கட்டின தச்சன்ர கையைக் கும்பிடவேணும்.

இப்ப ஏன் இவ்வளவு பெரிசு எண்ட கேள்விக்கு வாறன். இதுக்குப் பதில் எங்கட வயலுக்கயே இருக்குது. நாங்க கதிர் வெட்டி, உப்பட்டி கட்டி, களத்தில சூடு, அதாவது கதிர்ப்போர், வைக்கிறம் என்ன, கதிர் உள்பக்கம், தாள் அடி வெளிப்பக்கம், வட்டமா அடுக்கி மேல வைக்கல் போட்டு மூடிவிட்டா நல்லா வைச்ச சூட்டுக்க சின்ன மழை இறங்காது. தையில மாசியில வெட்டினா அதுக்குப் பிறகு வெயில்தான், ஆறுதலா ஒரு நாள் பாத்து மாடு விட்டு மிதிச்சு காத்தில தூற்றி நெல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். இங்கிலாந்துக் கமக்காரருக்கு அது ஏலாது. வெட்டி முடிய மழையும் குளிரும் தொடங்கீடும், வெளிய அடிக்கவும் ஏலாது தூற்றவும் ஏலாது. அதால கதிரோட தாளோட முழு விளைச்சலையும் ஒரு கூரைக்குக் கீழ அடுக்கிப்போட்டு மாரிக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா தடியால அடிச்சு எடுத்தவை. நாங்க நெல்லுக்குக் கட்டினம், அவையள் கதிர்க்கட்டுக்குக் கட்டினவை. தாளோட சேத்து வைக்கிறதுக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு ஒரு ஏக்கர் சூட்டை அடுக்கினவைக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்த ரெண்டு பெரிய கதவு எங்கட களம்தான் அம்மா, கூரை போட்ட களம். ஒரு கதவால சுமை ஏத்தின வண்டில் உள்ள வந்து இறக்கிப்போட்டு மற்றக் கதவால வெறுவண்டில் போகும். கதவு ரெண்டுக்கும் நடுவில இருக்கிற நிலம்தான் கதிர் அடிக்கிற இடம், அடிச்சு முடிய ரெண்டு கதவையும் திறந்து விட்டா நடுவால காத்து இழுத்துக்கொண்டு போகும், அந்தக் காத்தில தூற்றுவினம். பதர் ஒரு பக்கம் பறக்கும் மணி கீழ விழும். எங்கட ஆக்கள் காத்து வாற நேரம் பாத்துக் களத்தில சுளகோட நிண்டினம், அவையள் காத்து வாற திசையைப் பாத்துக் கதவு வைச்சவை. ஜன்னல் இல்லாட்டியும் சுவரில ஒடுக்கமான வெடிப்பு மாதிரி ஓட்டைகள் பாத்திருப்பியள், வெளிய ஒடுக்கம் உள்ளுக்கு அகலம், காத்து வரும் மழை வராது. மேல முகட்டுச் சுவரில ஒரு சின்ன ஓட்டை இருந்தா அது கூகைக்கு விட்ட வாசல், கூகை உள்ள வந்து எலி பிடிக்கட்டும் எண்டு. கூகை அலறினா கூடாது எண்டு கல்லெறிஞ்சு கலைக்கிற நாங்க இதை ஒருக்கா யோசிக்கவேணும், ஒரு கூகைக் குடும்பம் ஒரு வருசத்தில பிடிக்கிற எலி கொஞ்சநஞ்சமில்லை.

இன்னொண்டும் சொல்லவேணும். இந்தக் களஞ்சியங்களை எல்லாம் பத்தில ஒண்டு வரி வாங்கி வைச்ச இடம் எண்டு அங்கயே கன பேர் சொல்லுவினம். விளைச்சலில பத்தில ஒரு பங்கு தேவாலயத்துக்குக் குடுக்கவேணும் எண்ட வரி இருந்தது உண்மை, அதை 1836 இல சட்டம் போட்டுக் காசாக்கினவை. ஆனா கிறேற் கொக்ஸ்வெல் போல பெரிய களஞ்சியம் கனக்க அந்த மடத்தின்ர, பிரபுவின்ர சொந்தப் பண்ணை விளைச்சலுக்குக் கட்டினது, வரிக்கு எண்டு கட்டினதில்லை. பத்தில ஒண்டு எங்கட ஆக்களுக்கும் தெரியாத கணக்கில்லை. இங்கிலீஸ்காரர் காலத்தில இஞ்சயும் நெல்லுக்கு வரி இருந்தது, வரியைக் குத்தகைக்கு எடுத்த ஆள் களத்துக்கே வந்து நிண்டு பங்கு எடுத்த காலமும் இருந்தது, ஹவ்லொக் தேசாதிபதி 1892 இலதான் அதை நிப்பாட்டினவர். அதுக்கெண்டு எங்கட ஊரில ஒரு பெரிய களஞ்சியம் எழும்பேல்லை, எடுத்ததை வண்டிலில ஏத்திக்கொண்டு போட்டினம்.

கேள்வி: இங்கிலாந்தில வீட்டுத் தோட்டங்களில காளான் மாதிரி ஒரு கல்லு அழகுக்கு வைச்சிருக்கினம், அதுவும் பழைய பண்ணையில இருந்து வந்ததாம். உண்மையோ? — வாசகர், மாங்குளம்

பதில்: உண்மைதான் தம்பி. கீழ ஒடுங்கி நிக்கிற ஒரு கால், மேல தொப்பி மாதிரி ஒரு வட்டக்கல். இப்பிடி ஒன்பது, பன்ரெண்டு எண்டு வரிசையா நட்டு அதுக்கு மேலதான் மரத்தால தானிய அறை கட்டினவை. எலி காலில ஏறிவரும், தொப்பிக்குக் கீழ வந்தோடன தலைகீழாத் தொங்கிக்கொண்டு போக ஏலாமல் விழுந்திடும். ஸ்பெயினில கலிசியா பக்கம் இண்டைக்கும் கன இடத்தில இப்பிடித் தூணுக்கு மேல தட்டைக்கல் வைச்ச தானியக்கூடு நிக்குது, ஓரேயோ எண்டு சொல்லுவினம். எங்கட தென்னையில தகரம் சுத்திறம் பாருங்கோ, எலி அணில் ஏறாமல், அதே யோசினைதான். தகரம் வழுக்கும், கல்லுத்தொப்பி மறிக்கும். அறை போன பிறகு கல்லு மட்டும் மிஞ்சி தோட்டத்துக்கு வந்திட்டுது.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில படிப்பிக்கிறன். போன இதழில வந்த கொம்பறைப் படத்தைப் பிள்ளையளுக்குக் காட்டினன், ஒரு பிள்ளைக்கும் அது என்னெண்டு தெரியேல்லை, தண்ணித் தாங்கி எண்டினம். சின்னதா ஒண்டு வளவுக்க கட்டிக் காட்டுவம் எண்டு யோசிக்கிறம். எப்பிடிக் கட்டினவை, எவ்வளவு நெல்லுப் பிடிக்கும் எண்டு விபரமா எழுதுவியளோ? — ஆசிரியை

பதில்: தங்கச்சி, உங்கட கேள்வியை வாசிச்சிட்டு நான் ரெண்டு நாள் வேற ஒண்டும் எழுதேல்லை. எங்கட அம்மப்பாவின்ர வளவு குமுழமுனையில, தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணி பாயிற வயல், வீட்டுக்கு வடக்குப் பக்கமா ரெண்டு கொம்பறை நிண்டது, ஒண்டு சாப்பாட்டு நெல்லுக்கு மற்றது விதைநெல்லுக்கு. 2010 இல நாங்கள் திரும்பிப் போகேக்க வீடும் இல்லை கொம்பறையும் இல்லை, பத்தை வெட்டினாப் பிறகு ஆறு கல்லு வட்டமா கிடந்தது. அந்த ஆறு கல்லை வைச்சுத்தான் நான் அளவெடுத்தனான், அதால நான் சொல்லுற அளவு அந்தக் கொம்பறையின்ர அளவு, உங்கட ஊரில வித்தியாசப்படலாம்.

முதல்ல கல்லு, முழங்கால் உயரத்துக்கு. அதுக்கு மேல பாலைமரத்தில குறுக்குத்தடி, பாலை இல்லாட்டி முதிரை, ரெண்டும் கறையான் கெதியா அரிக்காது. குறுக்குத்தடிக்கு மேல நெருக்கமா உருண்டைத்தடி அடுக்கித் தட்டு, அந்தத் தட்டைச் சுத்தி வட்டமா ஆளுயரத் தடியளை நட்டு, வளையக்கூடிய பச்சைத் தடியை எடுத்து முன்னுக்கொண்டு பின்னுக்கொண்டா கடகம் பின்னுற மாதிரிப் பின்னி எடுக்கிறது. பச்சையாப் பின்னவேணும், காய்ஞ்சா முறியும், காய்ஞ்சாப் பிறகு அதுவே இறுகிப் பிடிக்கும். பேந்து மண். புற்றுமண்தான் திறம், பசை இருக்கும், அதோட வைக்கலைத் தறிச்சுப் போட்டுக் குழைச்சு காலால மிதிச்சு ஒரு ராத்திரி புளிக்க விட்டு, உள்ளும் வெளியும் அப்பி, காயக் காய வெடிப்பைத் திரும்பத் திரும்ப அடைச்சு, கடைசியாச் சாணி மெழுகிறது. எங்கட அம்மம்மா வருசா வருசம் கதிர் வெட்டுக்கு முந்தி மெழுகுவா, மெழுகி முடிச்சாப் பிறகு உள்ளுக்குத் தலையைவிட்டுப் பாப்பா, வெளிச்சம் எங்கையாவது ஊசி மாதிரி வந்தா அந்த இடத்தில விரலால மண் வைப்பா. கூரை தனி, கூம்பு மாதிரிக் கட்டி வைக்கல் வேய்ஞ்சு தொப்பி போல மேல வைக்கிறது. நெல்லுக் கொட்டேக்கையும் அள்ளேக்கையும் ஒரு பக்கத்தால தடி குடுத்து நெம்பித் தூக்கிவிட்டு ஏணியில ஏறி நிண்டு அள்ளுவினம். சின்னப் பொடியனா இருக்கேக்க என்னைத்தான் உள்ளுக்கு இறக்கி விடுறவை, காலுக்குக் கீழ நெல்லு வழுகும், உள்ளுக்கு வேப்பிலையும் நொச்சியும் மணக்கும், அந்து பூச்சிக்கு எண்டு இடைக்கிடை போட்டு வைச்சது.

ஏன் வட்டம் எண்டு பிள்ளையளிட்டக் கேளுங்கோ, நல்ல பாடம் அது. நெல்லு தண்ணி மாதிரிக் கொஞ்சம், சுவரை வெளிய தள்ளும். சதுரமாக் கட்டினா நடுச்சுவர் வயிறு தள்ளி மூலை பிரியும். வட்டமாப் பின்னினா தள்ளுற பாரத்தைப் பின்னல் தடி எல்லாம் பங்கு போட்டு இழுத்துப் பிடிக்கும், பீப்பாவுக்கு இரும்பு வளையம் போடுற மாதிரி. மூலை இல்லாததால எலி ஒதுங்கிக் கறண்டவும் இடமில்லை. நான் முப்பது வருசம் குளத்துக்கட்டுக்கும் மதகுக்கும் கணக்குப் போட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ரி.ஓ.), இதைக் கணக்குப் போடாமலே எங்கட ஆக்கள் கட்டினவை எண்டு நினைக்க எனக்கு இண்டைக்கும் மனசு நிறையும்.

இப்ப அளவு. அம்மப்பாவின்ர பெரிய கொம்பறை உள் விட்டம் 6 அடி, சுவர் உயரமும் 6 அடி எண்டு வையுங்கோ. கொள்ளளவு ஏறக்குறைய 170 கன அடி. ஒரு புசல் 1.28 கன அடி, அப்ப 130 புசலுக்குக் கொஞ்சம் கூட. ஒரு புசல் நெல்லு ஏறக்குறைய 21 கிலோ, எல்லாமா 2800 கிலோ மட்டில. ஆறு கல்லுக்குப் பங்கிட்டா ஒரு கல்லுக்குக் கிட்டத்தட்ட 465 கிலோ, மண்சுவரின்ர பாரம் வேற. அதால கல்லு வைக்கிற இடத்தில நிலத்தைக் கிண்டிக் கெட்டியாக்காமல் விட்டா மாரிக்கு ஒரு பக்கம் தாழும், தாழ்ந்தா சுவர் வெடிக்கும், அங்கால கதை முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துக்கு விட்டம் 3 அடி போதும்.

நெல்லு காயாமல் மட்டும் போட்டுடாதேங்கோ. நெற்சந்தைப்படுத்தும் சபை நெல்லு எடுக்கேக்க ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டு மெசின் வைச்சுப் பாக்கிறது, எங்கட அம்மப்பா ஒரு மணியைப் பல்லுக்க வைச்சுக் கடிப்பார், டிக் எண்டு உடைஞ்சாத்தான் கொம்பறைக்குப் போகும், நசிஞ்சா திரும்பவும் பாயில.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள் தங்கச்சி. கட்டுறதுக்கு முந்தி பிள்ளையளை ஊரில இருக்கிற எழுபது எண்பது வயசு ஆக்களிட்ட அனுப்பி ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பேர் சொன்னவை எண்டு கேட்டு எழுதுவியுங்கோ. களத்தில நெல்லை நெல்லு எண்டு சொல்லமாட்டினம், பொலி எண்டுதான் சொல்லவேணும், இப்பிடிக் களத்துக்கெண்டே தனிப் பேச்சு இருந்தது. கட்டடம் மண், மழைக்குக் கரைஞ்சிடும், சொல்லு இருந்தாத் திரும்பக் கட்டலாம். இங்கிலாந்தில கல்லும் ஓக் மரமும் நிண்டு சாட்சி சொல்லுது, எங்கட சாட்சி இந்தக் கிழவன் கிழவியின்ர வாய்தான்.

கேள்வி: மாதிரிப் பண்ணை எண்டு ஒரு சொல்லு வாசிச்சன், இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கட எஸ்டேட்டில கட்டினதாம். மலையகத்து எஸ்டேட் போலவா? — பல்கலைக்கழக மாணவன், வவுனியா

பதில்: தம்பி, எஸ்டேட் எண்டோடன தேயிலை ஃபக்டரியும் லயமும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும், வன்னிக்கு வந்து குடியேறின மலையகச் சனம் கனக்க, லயத்தைப் பற்றி அவையளிட்டத்தான் கேக்கவேணும். இங்கிலாந்தில எஸ்டேட் எண்டா ஒரு பிரபுவின்ர மாளிகை, அதைச் சுத்தி அவரே நடத்துற ஒரு பண்ணை, அதுக்கு வெளிய குத்தகைக்கு விட்ட கன பண்ணையள், ஊர்கூட அவற்ர நிலத்திலதான் இருக்கும்.

1750க்குப் பிறகு இந்தப் பிரபுக்களுக்கு விவசாயத்தில ஒரு வெறி பிடிச்சது. அதுவரைக்கும் ஊர்த்தச்சன் பழக்கத்தில கட்டின கட்டடத்தை இப்ப படம் கீறுற கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டுக் கட்டுவிச்சவை, அதுதான் மாதிரிப் பண்ணை. நோர்ஃபோக்கில ஹோல்கம் எஸ்டேட்டில தோமஸ் கோக் எண்டவர் சாமுவேல் வயற் எண்ட கட்டடக்கலைஞரைக் கொண்டு 1790கள் மட்டில ஒரு பெரிய களஞ்சியம் கட்டுவிச்சார், அங்க வருசா வருசம் செம்மறி மயிர் கத்திரிக்கிற நாளில நாடு முழுக்க இருந்து ஆக்கள் வந்து புது முறையளைப் பாத்துப் போவினம். நடுவில முற்றம், வடக்குப் பக்கம் உயரமான களஞ்சியம் குளிர்காத்தை மறிக்க, ரெண்டு பக்கமும் மாட்டுக்கொட்டில், தெற்குப் பக்கம் வெயிலுக்குத் திறந்து விட்டபடி, இதுதான் பொதுவான அமைப்பு. வைக்கல் களஞ்சியத்தில இருந்து கொட்டிலுக்குப் போகும், கொட்டிலில இருந்து எரு முற்றத்துக்கு வரும், முற்றத்தில இருந்து வயலுக்குப் போகும், ஆள் நடக்கிற தூரத்தைக் குறைச்சுக் கட்டினவை. பேந்து 1850 மட்டில அந்த முற்றத்துக்கும் கூரை போட்டவை, மழைத்தண்ணி எருவின்ர சத்தைக் கழுவிக்கொண்டு போகுது எண்டு கண்டுபிடிச்சதால. இந்த ஒரு விசயத்தை எங்கட ஆக்கள் இண்டைக்கே செய்யலாம், எங்கட மாட்டுப்பட்டி எருவில பாதி கார்த்திகை மழையோட வாய்க்காலுக்குப் போகுது.

வின்சரில விக்ரோறியா மகாராணிக்கு 1858 இல கட்டின பால் அறை இன்னும் இருக்குது, சுவர் முழுக்க மின்ரன் கம்பனி ஓடு பதிச்சு, பால் புளிக்காமல் குளிரா வைக்கிறதுக்கு. அழகுதான், ஆனா அதில எனக்குப் பெரிய பிடிப்பில்லை, பால் கறக்கிற கையைவிட பாக்க வாற கண்ணுக்குத்தான் அது கட்டினது.

மெசின் வந்த கதைதான் எனக்கு முக்கியம். 1786 இல ஸ்கொட்லாந்தில அன்ட்ரூ மீக்கிள் எண்டவர் கதிரடிக்கிற மெசின் செய்தார். அதைச் சுத்துறதுக்குக் குதிரை வேணும், அதால களஞ்சியத்துச் சுவரோட ஒட்டி வட்டமாவோ எட்டுப்பக்கமாவோ ஒரு கொட்டில் கட்டினவை, அதுக்க குதிரையள் சுத்திச் சுத்தி நடக்கும், எங்கட செக்கு மாதிரி. இங்கிலாந்தின்ர வடக்குப் பக்கம் இப்பவும் அந்த வட்டக் கொட்டிலுகள் நிக்குது. பேந்து நீராவி வந்து, பண்ணைக்கு நடுவில புகைபோக்கி எழும்பிச்சுது. மெசின் வந்தோடன மாரிக்காலம் முழுக்க அடிச்சுச் சீவிச்ச கூலியாக்களுக்கு வேலை போச்சு. 1830 இல கென்ட் பக்கம் தொடங்கி ஊர் ஊரா மெசினுகளை உடைச்சவை. 19 பேரைத் தூக்கில போட்டு, கிட்டத்தட்ட 500 பேரைக் கப்பலில ஏத்தி அவுஸ்திரேலியாப் பக்கம் நாடு கடத்தினவை. அந்த வடிவான களஞ்சியங்களைப் பாக்கேக்க இதையும் சேத்துத்தான் பாக்கவேணும். வெட்டு மெசின் எங்கட வயலுக்க வந்து கதிர் வெட்டின பொம்பிளையளின்ர கூலி போனது நாங்க கண்ணால கண்டது. வயலிலயே மூட்டையாகி, ஈர நெல்லாவே வியாபாரியின்ர லொறியில ஏறிப் போகுது, சூடும் இல்லை களமும் இல்லை கொம்பறையும் இல்லை. மூண்டு மாசம் கழிச்சு அதே கமக்காரன் கடையில அரிசி வாங்குறான். கொம்பறை அழிஞ்சதுக்கு யுத்தம் ஒரு காரணம், யுத்தம் முடிஞ்சும் ஒருத்தரும் திருப்பிக் கட்டாததுக்குக் காரணம் இதுதான்.

கேள்வி: புறாவுக்கு எண்டு கோபுரம் கட்டினவையாமே? — வாசகர், மல்லாவி

பதில்: ஓம். உள்சுவர் முழுக்கக் கல்லில பொந்து விட்டுக் கட்டினது. பெட்ஃபோட்சயரில வில்லிங்டன் எண்ட இடத்தில 16ஆம் நூற்றாண்டுப் புறாக்கூடு ஒண்டில 1500 பொந்து இருக்குது. குஞ்சு இறைச்சிக்கு, எச்சம் எருவுக்கு. ஆனா புறா வளக்கிற உரிமை பிரபுவுக்குத்தான் இருந்தது, புறா மேயுறது ஏழையின்ர விதைப்பு வயலில. பிரான்சில புரட்சி வந்தோடன 1789 ஆவணி 4ஆம் திகதி இரவு ஒழிச்ச பிரபுக்களின்ர சலுகையளுக்க புறாக்கூட்டு உரிமையும் ஒண்டு. எங்கட வயலில மயிலும் யானையும் செய்யிற அழிவை நினைச்சுப் பாருங்கோ, அதை ஒரு பெரியவர் வளத்து விட்டிருந்தா எப்பிடி இருக்கும்.

கேள்வி: நான் கனடாவில இருக்கிறன், சொந்த இடம் கிளிநொச்சி. 1960களில அப்பா வயலுக்குப் பக்கத்தில ஒரு நெல் ஸ்டோர் கட்டினவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், ஓட்டுக்கூரை, நிலத்தில இருந்து ரெண்டு அடி உயத்தி. யுத்தத்தில கூரையின்ர ஒரு மூலை போட்டுது, சுவர் நிக்குது. பின்சுவரில அப்பா ஒவ்வொரு போகத்துக்கும் எத்தினை மூட்டை எண்டு கரியால கோடு போட்டு வைச்சது இன்னும் தெரியுது. தம்பி உடைச்சுப்போட்டுக் கடை கட்டுவம் எண்டுறான். நான் என்ன செய்ய? — வாசகர்

பதில்: உடையாதேங்கோ. சுவர் நேராய் நிக்குதெண்டா இந்தக் கட்டடம் இன்னும் கன வருசம் நிக்கும். தம்பி சொல்லுறதிலயும் நியாயம் இருக்குது, சும்மா நிக்கிற கட்டடம் காசு தராது, அதால பாவிக்கிற வழியையும் சேத்துச் சொல்லுறன்.

முதல் வேலை கூரை, அடுத்த ஐப்பசி மழைக்கு முந்தி. ஓடு கிடைக்காட்டித் தற்காலிகமாத் தகரம் போட்டாலும் பரவாயில்லை, சுவரின்ர தலையில தண்ணி இறங்கிறதை நிப்பாட்டினாச் சரி. செங்கல்லுச் சுவர் நிண்டபடி சாகிறது தலையால இறங்குற தண்ணியாலதான். ரெண்டாவது, சீமெந்து பூச விடாதேங்கோ. மேசன்மார் முதல்ல அதைத்தான் சொல்லுவினம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை இழுத்து வெளிய விடும், மேல சீமெந்து பூசினா ஈரம் உள்ளுக்க நிண்டு செங்கல்லு உதிரத் தொடங்கும், பூச்சு மட்டும் வடிவா இருக்கும். சுண்ணாம்பும் மணலும்தான் பூசவேணும், செலவு கொஞ்சம் கூட, காயவும் நாளெடுக்கும். மூண்டாவது, உயத்தின அத்திவாரத்தைச் சுத்திக் கறையான் புற்று இருக்கோ எண்டு பாருங்கோ, உயத்தின தளத்துக்குக் கீழ காத்துப் போற ஓட்டைகளை ஆரும் அடைச்சிருந்தாத் திறந்து விடுங்கோ.

பாவனைக்கு, ஊர்க் கமக்காரர் அமைப்போட கதையுங்கோ, விதைநெல்லு வைக்க நல்ல இடம் இல்லாமல் கன பேர் அந்தரப்படுகினம், வாடகைக்கு விடலாம். கடைதான் வேணுமெண்டா அந்தக் கட்டடத்தையே கடையாக்கலாம். இங்கிலாந்தில ஆயிரக்கணக்கான பழைய களஞ்சியங்கள் வீடும் கடையும் ஆயிட்டுது, நல்லாச் செய்தவை பெரிய கதவுவாசலை அப்பிடியே விட்டுக் கண்ணாடி போட்டவை, கெடுத்தவை உள்ளுக்குத் தட்டுப் போட்டு அறை அறையாப் பிரிச்சு ஜன்னல் வெட்டினவை. லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில ஹாமன்ட்ஸ்வேர்த் எண்ட இடத்தில 1426 இல கட்டின 192 அடிக் களஞ்சியம் ஒண்டு கன காலம் திருத்தாமல் கிடந்தது, ஊர் ஆக்கள் விடாமல் பின்னால நிண்டதால 2012 இல ஒரு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு 20,000 பவுணுக்கு வாங்கித் திருத்தினது. லண்டனில ஒரு சின்ன வீடு கூட அந்த விலைக்கு வாங்க ஏலாது.

எந்த முடிவு எடுத்தாலும், எடுக்கிறதுக்கு முந்தி அளவெடுங்கோ. நீளம், அகலம், மூலைக்கு மூலை, சுவரின்ர தடிப்பு, கதவு உயரம், செங்கல்லின்ர அளவும் சேத்து. தம்பியிட்ட ஒரு ரேப்பும் கொப்பியும் இருந்தா அரை நாள் வேலை.

அந்தக் கரிக்கோட்டைப் பற்றி. இங்கிலாந்துக் களஞ்சியங்களில தூணிலயும் கதவுப் பலகையிலயும் இதே மாதிரி மூட்டைக் கணக்கு கீறி இருக்கும், நூற்றுக்கணக்கான வருசத்துக்கு முந்தின கை, அதை இப்ப ஆராய்ச்சியாளர் ஒவ்வொண்டாப் படம் எடுத்துப் பதியினம். உங்கட அப்பாவின்ர கோடு அந்த வயலில எந்தப் போகம் விளைஞ்சது எந்தப் போகம் பொய்ச்சது எண்டு சொல்லுற ஒரே பதிவாக்கூட இருக்கலாம். கரி, கை பட்டாலே போயிடும், அதால ஆரும் துடைக்க வேண்டாம், தண்ணி அடிக்க வேண்டாம். சுவருக்குச் சுண்ணாம்பு பூச மேசன் வரமுந்தி தம்பியை ஒரு நாள் காலமை ஏழு மணிபோல அனுப்பி, வெயில் கதவால சரிஞ்சு விழுற நேரம், ஒரு அடிமட்டத்தைச் சுவரோட பிடிச்சுக்கொண்டு இடமிருந்து வலமா துண்டு துண்டாப் படம் எடுக்கச் சொல்லுங்கோ. எடுத்தா எனக்கும் ஒண்டு அனுப்புங்கோ.